வீட்டில் செய்த தொலைநோக்கியில் விண்படம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியிலோ ஏற்காட்டில் ஒரு தோட்டத்து வெளியிலோ தொலைநோக்கியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் பக்கத்தில் நாலு பேர் வந்து நிற்பார்கள். வருகிறவர்கள் மாறுவார்கள், கேள்விகள் பெரும்பாலும் மாறாது. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த விஷயத்தில் கிடைக்கும் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் 40, 50 டிகிரி வடக்கே வாழ்பவர்கள் தங்கள் வானத்துக்காகச் செய்தவை. சேலம் இருப்பது 11.65 டிகிரி வடக்கில். அவர்கள் சொல்லும் அளவுகளில் பாதி நமக்குப் பொருந்தாது. நம் வானத்துக்கு ஏற்றபடி கருவி செய்தால், அவர்களுக்கு எட்டாத படங்கள் நமக்குக் கிடைக்கும். கீழே உள்ள பதில்கள் பலவற்றில் இதே பேச்சு திரும்பத் திரும்ப வரும்.

தொலைநோக்கியில் ஒளியைச் சேர்க்கும் குழியாடியை வீட்டிலேயே தேய்க்க முடியுமா? மெஷின் வேண்டாமா?

வேண்டாம். இரண்டு வட்டக் கண்ணாடிகள், நடுவே கார்போரண்டம் பொடி, கொஞ்சம் தண்ணீர், அசையாத ஒரு மேசை. இவ்வளவுதான். கீழே இருப்பது தேய்ப்புத்தட்டு, மேலே இருப்பது ஆடியாகப் போகிறது. மேல் கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளி, அதைக் கொஞ்சம் திருப்பி, நாமும் மேசையைச் சுற்றி ஓரடி நகர்ந்து மறுபடி தள்ள வேண்டும். அம்மியில் அரைத்துப் பழகிய கைக்கு இது புதிதாகவே இருக்காது. மேலே இருப்பது நடுவில் குழியும், கீழே இருப்பது ஓரத்தில் தேயும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இரண்டு பரப்புகள் இடைவெளியில்லாமல் பொருந்தி நிற்பது கோள வடிவில் மட்டும்தான் என்பதால், அச்சு எதுவும் இல்லாமலே இரண்டும் கோளமாகிவிடுகின்றன.

முதல் கருவிக்கு 6 அங்குல ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம், அதாவது எஃப் 8 (குவியத் தூரம் ஆடியின் அகலத்தைப் போல எட்டு மடங்கு) என்று சொல்வேன். இதற்கு நடுவில் தேவைப்படும் குழி சுமார் 1.2 மி.மீ.தான். 80 நம்பர் பொடியில் சில மணி நேரத்தில் அந்த ஆழம் வந்துவிடும். அப்புறம் 120, 220, 400, 600 என்று பொடியை நைசாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறை பொடி மாற்றும்போதும் மேசை, வாளி, துணி, நகக்கண் எல்லாவற்றையும் கழுவுங்கள். 80 நம்பர் பொடியில் ஒரே ஒரு துகள் 400-க்குள் வந்து விழுந்தால் கீறல் விழும், இரண்டு படி பின்னால் போக நேரிடும்.

கஷ்டம் பாலிஷில்தான். பிட்ச் என்னும் கெட்டிப் பிசின் ஊற்றிய தட்டில் சீரியம் ஆக்சைடு தடவித் தேய்க்கும் கட்டம் அது. புத்தகத்தில் சொல்லும் பிட்ச் பதம் குளிர்நாட்டு அறைக்கானது. சித்திரையில் சேலத்தில் அதே பிட்ச் பாகு மாதிரி இளகி, அதில் வெட்டிய வாய்க்கால்கள் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். ரோசினும் விளக்கெண்ணெயும் சேர்த்து நாமே காய்ச்சுவதானால் எண்ணெயைக் குறைத்துக் கெட்டியாக்கலாம். நேரடித் தீயில் வைக்காதீர்கள், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். நான் பாலிஷை மார்கழி, தைக்குத் தள்ளி வைத்துவிடுவேன், அதுவும் விடியற்காலையில்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சோதனைச்சாலை வேண்டுமே?

லியோன் பூக்கோ 1858-இல் வெளியிட்ட கத்திமுனைச் சோதனை போதும். ஒரு எல்இடி, அலுமினியத் தாளில் ஊசித்துளை, ஒரு சவர பிளேடு. ஆடியிலிருந்து 2400 மி.மீ. தள்ளி, அதாவது குவியத் தூரத்தின் இரு மடங்கில் இவற்றை வைத்து, திரும்பி வரும் ஒளியைப் பிளேடால் மெல்ல மறைக்கும்போது ஆடியின் மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியும். ஆடிப் பரப்பில் பிழை சுமார் 70 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு அது. அதைச் சவர பிளேடு காட்டிவிடுகிறது என்பதை நேரில் பார்க்கும்வரை யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களிடம் ஆடியின் மேல் ஒரு விரலைப் பத்து விநாடி வைத்து எடுக்கச் சொல்வேன். விரல் பட்ட இடம் சூட்டில் வீங்கி ஒரு குன்று போல எழுந்து நிற்கும், பிறகு கண்ணெதிரே அமுங்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னொரு தடவை" என்று ஏழு தடவை விரலை வைத்தான். அன்று வேலை அதோடு நின்றது, எனக்கு வருத்தமில்லை.

கோளத்தை இறுதியில் பரவளையமாக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 6 அங்குலம், எஃப் 8 என்ற அளவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. நல்ல கோளமாக விட்டாலே ஏற்றுக்கொள்ளும் எல்லையை ஒட்டி வந்துவிடும். முதல் ஆடிக்கு இந்த அளவைச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சேலம் வெள்ளிக்குப் பேர்போன ஊர். ஆடிக்கும் வெள்ளியே பூசிக்கொள்ளலாமா?

கொலுசுப் பட்டறைக்காரர்கள் இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூக்கோவே தன் கண்ணாடி ஆடிகளுக்கு வெள்ளிதான் பூசினார். வெள்ளி நைட்ரேட், அமோனியா, காஸ்டிக் சோடா, குளுக்கோஸ் சேர்ந்த கரைசலில் வெள்ளி கண்ணாடியின் மேல் படியும். புதிதாகப் பூசிய வெள்ளி 95 சதவீதம் அளவுக்கு ஒளியைத் திருப்பும், அலுமினியம் 88 அளவுக்குத்தான்.

ஆனால் கொலுசு கறுப்பது போலவே ஆடியும் கறுக்கும். காற்றில் உள்ள கந்தகம் விடாது. அதைவிட முக்கியமாக, அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம் வைத்தால் அதில் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். அன்றன்றைக்குக் கலந்து, வேலை முடிந்ததும் அமிலம் சேர்த்து முறித்துவிட வேண்டும். வேதியியல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பள்ளி மாணவர்கள் வேண்டவே வேண்டாம்.

அலுமினியப் பூச்சு வெற்றிட அறையில் நடக்கும் வேலை, வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். என் இரண்டாவது ஆடியை அனுப்பிய இடத்தில் யாரோ உலர்ந்த துணியால் துடைத்துவிட்டார்கள். நீளமாக மூன்று கீறல்களோடு திரும்பி வந்தது. அதிலிருந்து பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் "பரப்பைத் துடைக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டி அனுப்புகிறேன்.

டாப்சன் தாங்கியே போதும் என்கிறார்களே, படமும் எடுக்கலாமா?

ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் பிரபலமாக்கிய அந்தப் பெட்டித் தாங்கியைப் போல எளிமையானது வேறில்லை. ப்ளைவுட், மைக்கா ஷீட், நாலு டெஃப்ளான் துண்டு. கண்ணால் பார்க்க இதுவே சிறந்தது. நிலவையும் கோள்களையும் இதில் படமெடுக்கலாம். விண்ணில் உள்ள வாயு மேகங்களான நெபுலாக்களுக்கு ஆகாது.

கணக்கைப் பாருங்கள். வானம் நடுக்கோட்டருகே விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). 1200 மி.மீ. குவியத்தில் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆரின் ஒரு பிக்சல் முக்கால் ஆர்க்செகண்டைத்தான் பிடிக்கும். அதாவது ஒரே விநாடியில் விண்மீன் இருபது பிக்சல் கோடாகிவிடும். முழு நிலவுக்கு ஐஎஸ்ஓ 100-இல் 1/200 விநாடி போதும், அதனால் கோடு விழாது. அரைநிலவு முழு நிலவில் பாதி ஒளிதான் தரும் என்று நினைப்போம், உண்மையில் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் தரும். அதற்கு ஐஎஸ்ஓ 200-இல் 1/60 என்று தொடங்கி முன்பின் மாற்றிப் பாருங்கள். ஓரியன் நெபுலாவுக்கோ நிமிடக்கணக்கில் ஒளி சேர்க்க வேண்டும். அதற்கு வானத்தோடு சேர்ந்து சுற்றும் தாங்கி இல்லாமல் முடியாது.

அப்படிச் சுற்றும் தாங்கியை நாமே செய்வது எப்படி? வாங்கியதை வைத்தால் எடைக்கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்யும். கடையில் வரும் ஜெர்மன் வகைத் தாங்கிகளை வடக்கு நாடுகளை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். அங்கே சுழல் அச்சு 40, 50 டிகிரிக்குச் சாய்ந்து நிற்கும். நமக்கு 11.65 டிகிரிதான், கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். அதனால் எடைக்கம்பி கீழே இறங்கிக் காலில் முட்டுகிறது. சில தாங்கிகளில் அச்சை அவ்வளவு தாழ்த்தவே முடியாது.

அச்சு படுத்திருப்பதை நாம் நமக்கு வசதியாக மாற்றிக்கொள்ளலாம். படுத்த அச்சை ஒரே முனையில் தொங்கவிடாமல், வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் இரண்டு தூண்களில் தாங்கினால் அது அசையாது. இதை நுகத்தாங்கி என்று சொல்லலாம், மாட்டு வண்டி நுகம் போலவே இரண்டு பக்கமும் பிடித்திருக்கும். இதற்கு நமக்கு அருகிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே, நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1986-இல் திறக்கப்பட்ட அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் தாங்கி நுகமும், வடக்கு முனையில் குதிரை லாடமும் சேர்ந்த அமைப்பு. தாழ்ந்த அட்சரேகைக்குப் பொருத்தம் என்றுதான் அப்படிச் செய்தார்கள். லாடத்தின் திறந்த வாய் வழியாகத் துருவப் பக்கமும் பார்க்கலாம். அந்த ஆய்வகம் 1968-இல் வேலையைத் தொடங்கியதே கோடைக்கானலில் சொந்தமாகச் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடுதான் என்பதை, கருவி செய்ய உட்காருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்.

என்னுடையது பழைய இரும்புக் கடையில் எடுத்த கார் சக்கர ஹப் இரண்டு, 50 மி.மீ. சதுரக் குழாய், லேத் பட்டறையில் கடைந்த ஒரு தண்டு. ஸ்டெப்பர் மோட்டாரும் அதை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையும் சுற்றிவிடுகின்றன. ஹப்பில் உள்ள பேரிங் காரின் எடையையே தாங்கியது, நம் குழாய் அதற்கு ஒரு பாரமே இல்லை. செய்யும்போது ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: தாங்கி கனமாக இருக்கட்டும். காமிராவுக்குச் செலவழிக்க வைத்திருப்பதில் பாதியைத் தாங்கிக்குக் கொடுத்தால் படம் இரண்டு மடங்கு நன்றாக வரும் என்பது என் அனுபவம்.

எங்கள் வீடு கோரிமேட்டுப் பக்கம். துருவ நட்சத்திரமே தெரியவில்லை. அச்சை எப்படி நேர்ப்படுத்துவது?

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்குமோ அதுதான் ஊரின் அட்சரேகை. நமக்கு அது பதினொன்றரை, பன்னிரண்டு டிகிரிதான். மலையடிவாரத்தில் வீடு என்றால் சேர்வராயன் மலையே அதை மறைத்துக்கொள்ளும். ஊருக்குள் இருப்பவர்களுக்கும் தூசியும் விளக்கொளியும் சேர்ந்து மங்கலாக்கிவிடும்.

பகலிலேயே வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடியில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் கயிற்றின் நிழலைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டால் அதுதான் வடக்குத் தெற்கு. சேலத்தில் உச்சிவேளை கடிகாரப் பன்னிரண்டுக்கு வராது. சராசரியாக 12.17-க்கு வரும், மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் வரை முன்பின் போகும். அன்றைய நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வானப்பட மென்பொருள் காட்டும். ஏப்ரல் 20, 21 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழலே விழாது. அந்த நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் அந்தக் காட்சிக்காகவே தூக்குக்குண்டை வெளியே கொண்டுவாருங்கள். திசைகாட்டியையும் பயன்படுத்தலாம், கஞ்சமலைப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் அதை நம்ப வேண்டாம். அந்த மலை முழுக்கக் காந்த இரும்புத்தாது, ஊசி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இரவில் நகர்வு முறையால் திருத்தலாம். உச்சிக்கோட்டருகே (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு அது), வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு விண்மீனை, கண் வைத்துப் பார்க்கும் லென்சான ஐபீஸில் பிடித்து மோட்டாரை ஓடவிடுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கீழ்வானத்தில் ஒரு விண்மீனைப் பிடியுங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. முதல் இரவில் இரண்டு மணி நேரம் ஆகும். தூண்களை மாடியில் நிரந்தரமாகப் பதித்துவிட்டால் அத்தோடு சரி.

மோட்டார், ஹப் எல்லாம் இப்போதைக்கு முடியாது. வெறும் காமிராவும் லென்சும்தான் இருக்கிறது.

கதவுக்கீல் தாங்கி செய்யுங்கள். இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு எம் 6 திருகு. அந்தத் திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். கீலிலிருந்து 228.5 மி.மீ. தள்ளி அதைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் பலகை வானத்தின் வேகத்திலேயே சுற்றும். கையால் 15 விநாடிக்கு ஒரு கால் சுற்று என்று திருப்பினாலும் 35, 50 மி.மீ. லென்சுக்குப் போதும். வெளிநாட்டு வரைபடங்களில் கீல் 40, 50 டிகிரிக்கு நிமிர்ந்திருக்கும். நமக்கு அது வடக்குத் தெற்காக ஏறக்குறையப் படுத்திருக்க வேண்டும், வடக்கு முனை 11.65 டிகிரி மட்டும் உயர்ந்து. கீல் மேற்கே, திருகு கிழக்கே. டிரங்குப் பெட்டியின் மூடியைத் தூக்குவது போலக் கிழக்கு ஓரம் மெல்ல உயரும்.

போன் போதுமா?

நிலவுக்கும் கோள்களுக்கும் போதும். ஐபீஸுக்கு நேரே போனைப் பிடிக்க ஒரு கவ்வி வேண்டும், பிவிசி மூடியில் துளைபோட்டு நாமே செய்துகொள்ளலாம். கையால் பிடித்து எடுக்காதீர்கள்.

கோள்களைப் படமாக எடுக்காமல் வீடியோவாக எடுங்கள். காற்று அலைந்துகொண்டே இருக்கும், நடுவில் சில கணங்கள் மட்டும் அடங்கும். இரண்டு நிமிட வீடியோவில் அடங்கிய கணங்களின் சட்டங்களை (ஃபிரேம்களை) மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வியாழனின் பட்டைகள் துலங்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் பொறுக்கி அடுக்கும், ரெஜிஸ்டாக்ஸ் கூர்மையாக்கும், இரண்டும் இலவச மென்பொருள்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை தன்னைத்தானே சுற்றிவிடும். வீடியோவை நீட்டினால் அந்தச் சுழற்சியே படத்தை மங்கலாக்கும், அதனால் மூன்று நிமிடத்துக்குள் நிறுத்திவிடுங்கள்.

கோள்கள் விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்தது. கோள்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது இங்கே 50 டிகிரிக்குக் கீழே இருப்பதே இல்லை, சில ஆண்டுகளில் தலைக்கு நேர் மேலேயே வரும். வடக்கே இருப்பவர்கள் அடிவானத்துத் தடித்த காற்றின் வழியாகச் சனியை எடுக்கத் திண்டாடும் ஆண்டுகளில் நாம் மெல்லிய காற்றின் வழியாக எடுக்கிறோம். 2020 டிசம்பர் 21-ஆம் தேதி வியாழனும் சனியும் பத்தில் ஒரு டிகிரி நெருக்கத்தில் நின்றபோது, மேற்கு வானத்தில் தாழ்ந்திருந்த அந்த ஜோடியை ஒரே சட்டத்தில் போனில் பிடித்தவர்கள் பலர். 1200 மி.மீ. குவியத்துக்கு அது கச்சிதமான அளவு.

டிஎஸ்எல்ஆர் மாட்டினால் எவ்வளவு திருகியும் போகஸ் கிடைக்கவில்லை. ஆடி தப்பா?

ஆடியில் தப்பில்லை. ஐபீஸ் குவியப்புள்ளியை ஒட்டி உட்காரும். காமிராவின் சென்சாரோ உள்ளே பதுங்கியிருக்கிறது, அடாப்டரோடு சேர்த்து 55 மி.மீ. வாக்கில் ஆழம். குவியப்புள்ளி அவ்வளவு தூரம் குழாய்க்கு வெளியே வர வேண்டும். ஆடியைக் குழாய்க்குள் 30, 40 மி.மீ. முன்னே தள்ளிப் பொருத்துங்கள். புதிதாகச் செய்பவர்கள் ஆடித்தட்டுக்கு இரண்டு வரிசைத் துளைகள் போட்டுவிட்டால் கண்ணுக்கு ஒன்று, காமிராவுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். அவசரத்துக்கு, குவியப்புள்ளியை வெளியே தள்ளும் ஒரு பார்லோ லென்சும் காப்பாற்றும்.

போகஸைச் சரிபார்க்க, குழாயின் முன்வாயில் வைக்கும் கோடு கோடாக வெட்டிய பாதினோவ் மறைப்பைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று கதிர்களில் நடுக்கதிர் நட்ட நடுவே வந்தால் போகஸ் சரி.

ஏற்காட்டில் எங்கே நின்று எடுப்பது? லேடீஸ் சீட் நல்ல இடம்தானே?

லேடீஸ் சீட் சேலத்தின் விளக்குகளைப் பார்க்க அருமையான இடம். அதனாலேயே விண்படத்துக்கு ஆகாத இடம். சேலம் ஏற்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. நமக்கே உரிய தென்வானப் பொக்கிஷங்கள் எல்லாம் அந்த ஒளிமூட்டத்துக்கு மேலேதான் நிற்கும். ஊரைத் தாண்டி, சேர்வராயன் கோவில் மேட்டுக்கு வடக்கே போய்விட்டால் மலைமுகடே சேலத்து வெளிச்சத்தில் பெரும்பகுதியை மறைக்கும்.

தெற்கு வானத்தை மட்டும்தான் எடுக்கப்போகிறோம் என்றால் மலையேறவே வேண்டாம் என்பேன். நகரத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் சேலத்தின் ஒளி முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மலையின் உண்மையான பலன் குளிர். காமிராவின் சென்சாரில் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய ஆறு டிகிரிக்கு இரண்டு மடங்காகும். சேலத்தில் 27 டிகிரி இரவில் எடுப்பதற்கும் ஏற்காட்டில் 15 டிகிரியில் எடுப்பதற்கும் நாலு மடங்கு வித்தியாசம். அந்தக் குளிரோடு பனியும் வரும், ஒளியைப் பக்கவாட்டில் ஐபீஸுக்குத் திருப்பும் சிறிய இரண்டாம் ஆடியில் நீர் கோக்கும். சில ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 12 வோல்ட்டில் மெல்லிய சூடு கொடுத்தால் தடுக்கலாம். கீழிருந்து சூடாக ஏறிய ஆடி குளிர ஒரு மணி நேரமாவது ஆகும், பின்னால் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் வைத்துவிடுங்கள்.

காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் வானத்தை மறைக்கும், திறந்த களம் உள்ள இடமாகப் பாருங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். காட்டெருமைகள் நடமாடும் மலை இது. தனியாகப் போகாதீர்கள், சாலையோரத்தில் இருட்டில் நிற்காதீர்கள்.

எந்த மாதத்தில் எதை எடுக்கலாம்?

ஆனி முதல் புரட்டாசி வரை மேகம், ஐப்பசி கார்த்திகையில் மழை. மார்கழிப் பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை நமக்கு அறுவடைக் காலம். தையில் கார்த்திகை அறுமீனும் ஓரியனும் முன்னிரவிலேயே உச்சியில் நிற்கும். சித்திரை, வைகாசியில் வானம் தூசியாக இருக்கும், ஆனால் கோடை மழை பெய்து விட்ட மறுநாள் இரவு கழுவிவிட்டது போலத் தெளியும். அந்த ஓர் இரவுக்காகக் கருவியைத் தயாராக வைத்திருங்கள்.

ஏனென்றால் அப்போதுதான் ஒமேகா சென்டாரி. நிலவின் அளவுக்கு அகன்ற, ஒரு கோடி அளவுக்கு விண்மீன்கள் உருண்டு திரண்ட கொத்து, 17,000 ஒளியாண்டு தொலைவு. மே நடுவில் இரவு பத்து மணி வாக்கில் நேர் தெற்கே 31 டிகிரி உயரத்தில் நிற்கும். வெறும் கண்ணுக்கே மங்கிய பொட்டாகத் தெரியும். லண்டனில் இது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. 1200 மி.மீ. குவியத்தில் 30 விநாடிப் படங்கள் நாற்பதை அடுக்கினால் ஓரத்தில் விண்மீன்கள் உப்புத் தூவியது போலத் தனித்தனியாகப் பிரியும். என் முதல் ஒமேகா சென்டாரி படத்தில் விண்மீன்கள் கொஞ்சம் முட்டை வடிவமாக இருக்கின்றன, அச்சு இம்மியளவு தாழ்ந்திருந்தது. அந்தப் படத்தை இன்னும் சுவரில் வைத்திருக்கிறேன். கையால் தேய்த்த கண்ணாடி அவ்வளவு தூரத்து ஒளியைச் சேர்த்துத் தந்தது என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதற்கு முன் மாலையில் கரீனா நெபுலாவும் தெற்குச் சிலுவையும் வரும், உயரம் 20 டிகிரிக்கும் கீழே. அவற்றுக்குத் தென்பக்கம் மறைப்பில்லாத இடம் வேண்டும்.

படத்தில் சிவப்பாக வரும் நெபுலா, கண்ணால் பார்த்தால் சாம்பலாக இருக்கிறதே. நிறத்தைப் பூசுகிறீர்களா?

இல்லை. அந்தச் சிவப்பு ஹைட்ரஜன் வெளியிடும் 656.3 நானோமீட்டர் ஒளி, உண்மையிலேயே அங்கே இருக்கிறது. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் செல்கள் வேலை செய்வதில்லை, அந்தச் சிவப்பும் மற்ற செல்களுக்கு எட்டாது. காமிரா நிமிடக்கணக்கில் சேர்க்கிறது, அதனால் பிடிக்கிறது. சாதாரண டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கும் வடிகட்டி இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், அதைக் கழற்றிப் பயன்படுத்துவோரும் உண்டு. அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டாக்கர் அல்லது சிரில் என்ற மென்பொருள். லென்சை மூடி எடுக்கும் இருட்டுப் படங்கள் இருபதாவது சேர்த்துக்கொள்ளுங்கள், வெப்ப இரைச்சல் கழியும்.

இதில் ராகு, கேது தெரியுமா?

வயதான அம்மாக்கள் கேட்கும் கேள்வி, நல்ல கேள்வி. வானத்தில் சூரியனின் பாதையும் நிலவின் பாதையும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அந்த இரண்டு புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். பொருளாக எதுவும் இல்லாததால் தொலைநோக்கியில் தெரியாது. ஆனால் நிலவு அந்தப் புள்ளியருகே வரும் நேரத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்தால் கிரகணம். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளைய கிரகணத்தின் பாதை நமக்குத் தெற்கே கரூர், திண்டுக்கல் வழியாகப் போனது, சேலத்தில் பிறைச் சூரியனாகப் பார்த்தோம். அன்று சூரியன் நின்ற இடம் அந்தப் புள்ளிகளில் ஒன்றின் அருகேதான் என்று சொல்லிப் படத்தைக் காட்டுவேன்.

சூரியனை எடுக்கலாமா?

குழாயின் முன்வாய் முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டித் தாள் இருந்தால் மட்டும். ஐபீஸில் திருகும் சிறு வடிகட்டி, எக்ஸ்ரே தாள், புகை பிடித்த கண்ணாடி எதுவும் கூடாது. ஒரு கணத்தில் பார்வை போய்விடும். குறிபார்க்கப் பக்கத்தில் பொருத்திய சிறு தேடுகுழலையும் மூடிவிடுங்கள். பயன்படுத்தாத நேரத்திலும் குழாய் திறந்திருக்கக் கூடாது. ஒரு காலை நான் மூடாமல் கீழே இறங்கிப்போய், திரும்பி வந்தபோது குழாயின் ப்ளைவுட் விளிம்பு விரலகலத்துக்குக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு குழந்தையின் முகம் இருந்திருக்கலாம். மூடியைக் கயிற்றால் குழாயோடு கட்டி வைத்திருக்கிறேன்.

எவ்வளவு செலவாகும்?

ரூபாயில் எழுதினால் ஆறு மாதத்தில் மாறிவிடும். வரிசையை மட்டும் சொல்கிறேன்: அதிகம் தாங்கிக்கு, அடுத்து போகஸரும் ஐபீஸும், அதற்கடுத்து அலுமினியப் பூச்சு. கண்ணாடியும் பொடியும் கடைசி. நாலைந்து பேர் சேர்ந்து பொடி வாங்கினால் இன்னும் குறையும்.

ஆடியில் தூசி படிந்துவிட்டது. எப்போது கழுவ வேண்டும்?

லேசான தூசி படத்தைக் கெடுக்காது, விட்டுவிடுங்கள். நம் ஊரில் மழைக்காலம் முடிந்து ஒரு முறை கழுவினால் போதும். குழாய்த் தண்ணீரை முதலில் மெல்ல ஓடவிட்டுத் தூசியைக் கழியுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஆடியை அதில் பத்து நிமிடம் மூழ்கவிடுங்கள். பஞ்சை அழுத்தாமல் அதன் சொந்த எடையிலேயே ஒரு முறை இழுங்கள், அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. சேலத்துத் தண்ணீர் பல இடங்களில் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். அதனால் கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர். செங்குத்தாகச் சாய்த்து நிழலில் காயவையுங்கள், துடைக்க வேண்டாம்.